இணைப்பு யார் பெயரில்?

(தொடர்கல்வி மையம் ஒன்றில் நடந்த மாலைக் கூட்டத்தில், இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் பேசியது)



இன்று நான் செல்போனிலும் கணினியிலும் ஆடும் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது பிள்ளைகள் சமாச்சாரம். நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். அதற்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

அந்த அம்மா தையல் வேலை செய்கிறவர். வயது நாற்பது இருக்கும். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். நாலாக மடித்த காகிதம். பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் மடிப்பே கிழிந்து போயிருந்தது.

"மேடம், இதில் என் பெயர் இருக்கிறது. அது மட்டும் படிக்க முடிந்தது. மற்றது புரியவில்லை" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். காவல் நிலையத்திலிருந்து வந்த நோட்டீஸ். வேறு ஊரில் ஒருவரின் கணினியை முடக்கியது பற்றி விசாரிக்க வேண்டும், நேரில் வரவும் என்று எழுதியிருந்தது.

"அம்மா, உங்களுக்குக் கணினி தெரியுமா?" என்று கேட்டேன்.

"தையல் மெஷின் தவிர வேறு எந்த மெஷினும் தெரியாது மேடம்" என்றார்.

அவருக்கு ஒரு மகன். பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் நெட் இணைப்பு இருந்தது. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்த அம்மா. ஆதார் நகல் கொடுத்தவரும் அவர்தான். செல்போனில் பணம் அனுப்பும் வசதியும் அவருடைய வங்கிக் கணக்கில்தான். சட்டம் முதலில் தேடி வந்தது அந்தப் பெயரைத்தான்.

மகன் என்ன செய்தான்? அதைச் சொல்வதற்கு முன் இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பிள்ளை இங்கே நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அவனோடு ஆடுகிறவன் எங்கோ இருப்பான். டில்லியில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம். இருவரும் எப்படிச் சேர்ந்து ஆடுகிறார்கள்? நடுவில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. அதற்கு சர்வர் என்று பெயர். யார் ஓடினான், யார் சுட்டான், யாருக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கையெல்லாம் அதுதான் வைத்துக்கொள்ளும். எல்லோரும் அதோடு பேசிக்கொண்டே ஆடுவார்கள்.

இப்போது ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரே ஒரு ஆள். காலையில் கடை திறக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவன் ஐந்நூறு பேரைக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்துகிறான். யாரிடமும் கார்டு கிடையாது. ஒவ்வொருவனும் முன்னால் வந்து, "அரிசி வந்ததா? பாமாயில் உண்டா?" என்று கேட்கிறான். கடைக்காரர் பதில் சொல்கிறார். உடனே அவன் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறான். கார்டு வைத்திருக்கிற நீங்கள் பையோடு நிற்கிறீர்கள். உங்கள் முறை வருவதே இல்லை. மாலையில் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

ஒரு பிடி அரிசி திருடு போகவில்லை. பூட்டு உடையவில்லை. ஆனால் உங்களுக்கு அரிசி கிடைக்கவில்லை.

கணினியிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான பொய்க் கேள்விகளை ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். சர்வர் திணறும். ஆட்டம் நின்றுவிடும். எதிராளியின் வீட்டு நெட் இணைப்பையே குறி வைத்து அடிப்பதும் உண்டு. அவன் ஆட்டத்திலிருந்து கழன்று விழுவான். இவன் ஜெயிப்பான். இதைச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்பார்கள். பெயர் நீளமாக இருக்கிறது. பையன்கள் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "டிடாஸ் அடித்தேன்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

இதற்குப் பெரிய படிப்புத் தேவை என்று நினைக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அடியாளை வாடகைக்குப் பிடிப்பது போலத்தான். அந்த அம்மாவின் மகன் அப்படி ஒருவனுக்குப் பணம் அனுப்பினான். ஒரு சினிமா டிக்கெட்டுக்கு ஆகும் காசுதான். அம்மாவின் கணக்கிலிருந்து போயிற்று.

அவன் அடிக்கச் சொன்ன சர்வர் பெரிய கம்பெனியுடையது அல்ல. வேறு ஊரில் ஒரு இளைஞர் வாடகைக்கு எடுத்து நடத்தியது. நாற்பது பேர் மாதா மாதம் கொஞ்சம் பணம் கொடுத்து அதில் ஆடி வந்தார்கள். இவனுக்கும் அங்கே ஒருவனுக்கும் வாய்ச்சண்டை. மூன்று நாள் மாலை சர்வர் நின்று போயிற்று. நாற்பது பேரில் பாதிப் பேர் விலகிப் போய்விட்டார்கள். அந்த இளைஞர் போலீசில் புகார் கொடுத்தார்.

போலீஸ் எப்படிக் கண்டுபிடித்தது? பையன்கள் நினைப்பது என்ன தெரியுமா? "அடி என் வீட்டிலிருந்து போகவில்லை. யாரோ ஒருவன் அடித்தான். என்னை எப்படிப் பிடிப்பார்கள்?" என்று நினைக்கிறார்கள். அடி இவன் வீட்டிலிருந்து போகவில்லை என்பது உண்மை. ஆனால் காசு போயிற்றே! காசு வாங்கினவன் வேறு ஒரு விஷயத்தில் பிடிபட்டான். அவன் கணக்கில் யார் யார் பணம் போட்டார்கள் என்ற பட்டியல் கிடைத்தது. அதில் தையல்கார அம்மாவின் பெயர். போதாததற்கு இவனே நண்பர்களிடம், "நான்தான் அவர்களைத் தூக்கினேன்" என்று எழுதிப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த எழுத்தும் அப்படியே இருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2000-ஆம் ஆண்டு வந்தது. 2008-இல் அதைத் திருத்தினார்கள். அதில் 43-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியின் வேலையைக் கெடுக்கக் கூடாது. அதைப் பயன்படுத்த உரிமை உள்ளவரை உள்ளே வரவிடாமல் தடுக்கவும் கூடாது. தடுத்தால் நஷ்ட ஈடு கட்ட வேண்டும். நஷ்டம் ஐந்து கோடி ரூபாய்க்குள் என்றால் அதை விசாரித்து முடிவு செய்ய அரசு ஒரு அதிகாரியை நியமித்திருக்கிறது.

அது பணம். அடுத்து 66-ஆம் பிரிவு. அதே காரியத்தைக் கெட்ட எண்ணத்தோடு செய்தால் அது குற்றம். ஒருவருக்கு நியாயமில்லாமல் நஷ்டம் உண்டாக்க வேண்டும் என்று நினைத்துச் செய்வது கெட்ட எண்ணம்தான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அல்லது இரண்டும் சேர்த்து.

"ஆட்டத்தில் நடந்ததுதானே? ஆட்டம் நிஜமா?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். ஆட்டத்துக்குள் சுடுவது பொய்தான். அது குற்றம் இல்லை. ஆனால் நின்று போன சர்வர் நிஜம். அதற்குக் கட்டிய வாடகை நிஜம். எதிராளி வீட்டு நெட் நின்றால், அந்த வீட்டில் அவன் அக்கா பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதுவும் நின்றுவிடும்.

"நான் அடிக்கவில்லை, காசு மட்டும்தான் கொடுத்தேன்" என்பதும் உதவாது. குற்றத்துக்குத் தூண்டினாலும் உடந்தையாக இருந்தாலும் அதே தண்டனைதான் என்று 84-பி பிரிவு சொல்கிறது. "அடிக்கச் சொன்னேன், ஆனால் சர்வர் விழவில்லை" என்றால்? முயற்சி செய்ததற்கே பாதித் தண்டனை உண்டு. சர்வர் வெளிநாட்டில் இருந்தாலும் இங்கே உட்கார்ந்து செய்தது இங்கே செய்ததுதான். அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்து கேள்வி கேட்கலாம்.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு வழக்கைச் சொல்கிறேன். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் வழக்கு இது.

இங்கிலாந்தில் ஒரு பையன். பதினாறு வயதில், தன் வீட்டுப் படுக்கை அறையில் உட்கார்ந்து ஒரு நிரலை எழுதினான். காசு கொடுத்தால் யாரை வேண்டுமானாலும் அடித்துக் கொடுக்கும் நிரல். அதை வாடகைக்கு விட்டான். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மொத்தம் 17 லட்சம் தாக்குதல்கள் நடந்தன. 'ரூன்ஸ்கேப்' என்று ஒரு விளையாட்டு. அதை மட்டும் 25,000 முறை அடித்தார்கள். அதை நடத்திய கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ள 60 லட்சம் பவுண்டு செலவழித்தது. தான் படித்த கல்லூரியையும் அவன் விடவில்லை. அந்த அடியில் அதோடு இணைந்திருந்த வேறு பல பள்ளி, கல்லூரிகளும் பாதிக்கப்பட்டன.

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் போலீஸ் அவன் வீட்டுக்கு வந்தது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. கணினியைத் திறந்து காட்ட மாட்டேன் என்றான். கடைசியில் அவன் அப்பா வந்து சொன்ன பிறகுதான் திறந்தான். அந்த அப்பாவை நினைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றுதானே அவரும் இருந்திருப்பார்?

அவன் சம்பாதித்தது சுமார் 3,86,000 பவுண்டு. ஆனால் பணத்துக்காக மட்டும் அவன் செய்யவில்லை. ஆட்டக்காரர்கள் நடுவில் பெரிய ஆள் என்று பெயர் வாங்கத்தான் செய்தான். 2017 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு இரண்டு ஆண்டுத் தண்டனை விதித்தது.

காசு கொடுத்தவர்கள் தப்பித்தார்களா? அதற்கு வேறொரு கதை இருக்கிறது. 2018 ஏப்ரலில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து இதே மாதிரி ஒரு பெரிய இணையதளத்தை மூடினார்கள். அதில் 1,36,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். பேரேடு முழுவதும் போலீஸ் கைக்கு வந்தது. 2019-இல் அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு, பணம் கொடுத்தவர்களையும் தேடிப் போகத் தொடங்கினார்கள். நம் தையல்கார அம்மாவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டதும் இதே வழியில்தான்.

அமெரிக்காவில் ஒரு இளைஞன் 2013-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரிய பெரிய விளையாட்டுக் கம்பெனிகளை அடித்து நிறுத்தினான். அவனுக்கு 2019-இல் 27 மாதம் சிறை. ஆறு வருஷம் கழித்து!

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். ரேஷன் கடை வரிசையில் ஐந்நூறு பேரை நிறுத்தினான் என்றேனே, அந்த ஐந்நூறு பேர் யார்? கணினி உலகத்தில் அது நீங்களாகவும் இருக்கலாம். 2016-இல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் ஒரு கெட்ட நிரலை உருவாக்கினார்கள். 'மைன்கிராஃப்ட்' என்ற விளையாட்டை நடத்துகிறவர்களுக்குள் இருந்த தொழில் போட்டிதான் ஆரம்பம். அந்த நிரல் ஊர் ஊராக, வீடு வீடாக நெட்டோடு இணைத்திருந்த கண்காணிப்புக் கேமராவையும் வைஃபை பெட்டியையும் தேடிப் போயிற்று. கடையில் வாங்கியபோது இருந்த ரகசியச் சொல்லையே மாற்றாமல் விட்டவர்கள் பல லட்சம் பேர். அந்தக் கருவிகளெல்லாம் அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. கேமரா வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பின்பக்கமாக யாரையோ அடித்துக்கொண்டும் இருந்தது. மூன்று பேரும் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே வீட்டில் வைஃபை பெட்டி மாட்ட வருகிறவரிடம், "ரகசியச் சொல்லை மாற்றிக் கொடு தம்பி" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் அந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள். கொடுக்க மனசு இல்லாமல் சொல்லவில்லை. அவர்கள் எது செய்தாலும் கணக்கில் உங்கள் பெயர்தான் வரும்.

சரி, அந்த அம்மா கதைக்கு வருகிறேன். நோட்டீஸைப் பார்த்ததும் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. யாரோ ஒரு தரகர், "பத்தாயிரம் கொடு, பெயரை எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். தாலியில் இருந்த குண்டுமணியை விற்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

இணைப்பு ஒருவர் பெயரில் இருப்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். யார் செய்தது என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். ஆனால் கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஓடி ஒளிந்தால் சந்தேகம் கூடும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதானால் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் போன் செய்து அதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். மறுநாள் ஒரு பெண் காவலரோடு வீட்டுக்கு வந்தார்கள்.

வந்ததும் மகன் அழுதுவிட்டான். நடந்ததைச் சொன்னான். செல்போனையும் கணினியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதினார்கள். அந்த அம்மா அதை வாங்கினார். உடனே கையெழுத்துப் போடவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தார். "செல்போன் ஒன்று, கணினி ஒன்று." அப்புறம் நிமிர்ந்து, "சார், சார்ஜரையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை எழுதவில்லையே" என்றார். எழுதினார்கள். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

இது போன்ற குற்றத்தில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைப் பெரியவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போக மாட்டார்கள். அவர்களுக்குச் சிறார் நீதிக் குழுமம் என்று தனியாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறைக்கும் அனுப்பக் கூடாது. பிடித்து வைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். குழுமம் புத்தி சொல்லி அனுப்பலாம். பொதுச் சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு.

பதினெட்டு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் கதை வேறு. அப்போது 66-ஆம் பிரிவு முழுசாக வரும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் இது ஜாமீன் கிடைக்கக் கூடிய குற்றம். ஜாமீன் கேட்பது உரிமை, சலுகை இல்லை. இதற்காகத் தரகரிடம் போய் நிற்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அந்த அம்மாவின் மகன் இரண்டு முறை குழுமத்துக்குப் போய் வந்தான். அம்மா இரண்டு நாள் கூலியை விட்டார். பையனுக்குப் புத்தி சொல்லி, சில வாரம் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்யச் சொன்னார்கள். அம்மாவிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். செல்போன் இன்னும் திரும்பி வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பயந்துபோய்ப் பிள்ளையின் போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். ஆடுவது குற்றம் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தைத் தடை செய்து 2025-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது வேறு விஷயம். அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். "டிடாஸ் என்றால் என்னடா?" என்று கேளுங்கள். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் முழிப்பான். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் மகன் கணினியை ஹேக் செய்துவிட்டான். நான் போலீஸ் பேசுகிறேன். உடனே பணம் அனுப்பு. வீடியோவில் அப்படியே உட்கார்" என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. வீடியோவில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையை யாராவது இப்படி அடித்தால் திருப்பி அடிக்க ஆள் தேட விடாதீர்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு நெட் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிரட்டி ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். நெட் கொடுக்கும் கம்பெனிக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

நேரமாகிவிட்டது. முன்வரிசையில் இருக்கும் பாட்டி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். என்ன பாட்டி? பேரன் உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கியிருக்கிறானா? எத்தனை சிம்? வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.